ஐம்பத்தொன்றாம் பொருள்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றும் சரி, எழுத்துப்பிழை இல்லை, பார்த்துவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு. திருமணம் ஆகவில்லை. தொழில், அகராதி நிறுவனத்தில் உதவிப் பதிப்பாசிரியர். இருபத்துநான்கு ஆண்டாக அதே மேசை, அதே ஜன்னல். போன வாரத்திலிருந்து இடைநீக்கத்தில் இருக்கிறேன். வீட்டில் நான், தம்பி, தம்பியின் மனைவி ஆக மூன்று பேர். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. ஒரு தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். அதற்காக எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லப்போவதில்லை.

எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் என்மேல் இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொந்த வன்மத்தை அகராதிக்குள் புகுத்தி அவருக்கும் நிறுவனத்துக்கும் அவப்பெயர் உண்டாக்கினேன் என்பது அதன் முதல் பாதி. அந்தப் பக்கத்தை அவர் படிக்கவே இல்லை, என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார் என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதி பொய். அதற்கான தாளைக் கொண்டுவந்திருக்கிறேன், அதன் இடம் வரும்போது தருகிறேன்.

எங்கள் வேலை இன்னதென்று தெரியாமல் இந்த வழக்கு விளங்காது. ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அதற்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனைக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் நேர்ச்சொல் கொடுத்து, அதன் கீழே அந்தப் பொருள் விளங்கும்படி ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும். வாக்கியத்தை எங்கிருந்தும் எடுக்கக் கூடாது, நாமே எழுத வேண்டும். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வரக் கூடாது. இரண்டு வரியைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு அச்சகத்திலிருந்து பக்கமாகக் கோத்து வரும் சோதனைத் தாளை, நாங்கள் புரூஃப் என்போம், தலைமைப் பதிப்பாசிரியர் படித்து, அடியில் பச்சை மையில் 'படித்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒரு சொல்லையோ இரண்டு சொல்லையோ மாற்றினால் காரணம் தேவையில்லை. ஒரு வாக்கியத்தையே எடுத்தால் ஓரத்தில் காரணம் எழுதி, தனியாக ஒரு கையெழுத்தும் போட்டு, மாற்று வாக்கியமும் தர வேண்டும். ஓய்வு பெற்றுப் போன ஒரு மூத்த பதிப்பாசிரியர் வாக்கியங்களைக் கண்டபடி வெட்டுகிறார்கள் என்று இரண்டு வருடம் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்த விதி இது. இன்னொன்றும் உண்டு. அடித்த சொல் திரும்ப வேண்டும் என்றால் அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைப்போம். 'இருக்கட்டும்' என்று அதற்குப் பொருள். அந்தப் புள்ளியை வைக்கும் உரிமை தலைமைப் பதிப்பாசிரியருக்கு மட்டும்தான்.

அவருக்கு அலுவலகத்தில் 'சரி ஐயா' என்று பெயர். முன்னால் வைத்த தேநீர் ஆறுவதற்குள் நாற்பது பக்கத்துக்கு 'படித்தேன், சரி' விழுந்துவிடும். ஆனால் வெளியே போகும் தாள் விஷயத்தில் மட்டும் கெடுபிடி. கடிதமோ அறிவிப்போ அறிக்கையோ, எதுவானாலும் எங்களில் ஒருவர் பிழை பார்த்து அதே 'படித்தேன், சரி'யை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தபாலுக்குப் போகும். அகராதி போடுகிற இடத்திலிருந்து பிழையோடு ஒரு தாள் போனால் சிரிப்பார்களே என்பது அவருடைய கவலை. இந்த வழக்கம் எனக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் 'ரன்' என்ற வினைச்சொல் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் 'ஓடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். எங்களுக்கு அது அறுபத்துமூன்று பொருள். ஆங்கிலக்காரனுக்குக் குழந்தையும் ஓடும், குழந்தையின் மூக்கும் ஓடும். நமக்குக் குழந்தை ஓடும், மூக்கு ஒழுகும். கடையை நடத்துவதற்கும், தேர்தலில் நிற்பதற்கும், குழாயைத் திறந்துவிடுவதற்கும், துணியில் சாயம் இறங்குவதற்கும், காய்ச்சல் அடிப்பதற்கும், சர்க்கரை தீர்ந்துபோவதற்கும் அவர்கள் அந்த ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். சிக்கனத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள், எழுதி எழுதித் தேய்ந்தது என் விரல். வேறு யாரும் தொட மாட்டேன் என்றதால்தான் என்னிடம் வந்தது. அட்டைக்கு ஒரு பொருளாக எழுதி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

என் தம்பிக்கு வயது நாற்பத்தாறு. எனக்கு ஆறு வயது இளையவன். அதே நிறுவனத்தில் புரூஃப் தாள்களை அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலையைப் பதினேழு ஆண்டு பார்த்தான். ஒரு தாள் தொலைத்ததில்லை. அவன் குடிக்க மாட்டான். அவனுடைய கல்யாண வீட்டில் நண்பர்கள் ஊற்றிக் கொடுத்ததைச் செடிக்குக் கொட்டிவிட்டு வந்தவன். அந்தச் செடி பிழைத்ததா என்று நான் அவனைக் கேலி செய்வேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு மழை விட்டிருந்தது. நான் பத்தொன்பதாம் பொருளின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி வரும் நேரம் என்பதால் முதல் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். கீழே முற்றத்துக் கொட்டகையிலிருந்து தலைமைப் பதிப்பாசிரியர் தன்னுடைய வெள்ளைக் காரைப் பின்னால் எடுத்தார். அந்த முற்றத்தில் வெள்ளைக் கார் அது ஒன்றுதான். அவருடைய இடது கையில் போன் இருந்தது, காதோடு இருந்தது. தம்பி வாசலைத் தாண்டி உள்ளே வந்து சைக்கிளிலிருந்து இறங்க ஒரு காலைத் தூக்கினான். கார் அவனைத் தள்ளியது, அதன் பிறகு பின்சக்கரம் அவனுடைய வலது முழங்காலிலும் தொடையிலும் ஏறியது, அதன் பிறகு நின்றது. எஞ்சினை அவர் நிறுத்தவில்லை. இறங்கினார், தண்ணீரில் கிடந்த தாள்களைப் பார்த்தார்.

"ஐயய்யோ, புரூஃப் எல்லாம் நனைஞ்சுபோச்சே" என்றார்.

அதன் பிறகுதான் தம்பியைப் பார்த்தார். நான் படியிறங்கி ஓடினேன். வாசல் காவலாளி குடையைப் போட்டுவிட்டு சைக்கிளை இழுத்துக்கொண்டிருந்தார். தம்பியுடைய நீலச் சட்டையின் சாயம் மழைத்தண்ணீரில் இறங்கித் தாள்களில் பரவிக்கொண்டிருந்தது. "அக்கா, முதல்ல தாளை எடு" என்றான். அவனுடைய கையிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது. அச்சகத்தில் மை துடைக்கிற ஸ்பிரிட். புரூஃப் வாங்குமுன் விரல் மையைத் துடைத்துக்கொண்டுதான் தாளைத் தொடுவான், தாள் அழுக்காகக் கூடாதாம். என் தம்பி அன்று குடித்திருக்கவில்லை. மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டில் குடி என்ற பேச்சே இல்லை, சீட்டைக் காட்டத் தயார். தலைமைப் பதிப்பாசிரியர், "நீங்க கூட்டிட்டுப் போங்கம்மா, எனக்கு மீட்டிங்குக்கு நேரமாச்சு, பின்னாடியே வர்றேன்" என்று சொல்லி அதே காரில் போனார். மூன்று ஆண்டாகப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார்.

அன்று இரவு முழுதும் மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க அலுவலகம் போனேன். தட்டச்சர் ஆறு தாளை என் மேசையில் வைத்து, "இதை மட்டும் பார்த்துக் கொடுத்துட்டுப் போயிடுங்கக்கா, தபால் எடுக்க வந்துருவாங்க" என்றார். பார்த்தேன். காகிதம் வாங்கும் கடிதம் ஒன்று, விடுமுறை அறிவிப்பு ஒன்று, வேறு இரண்டு. ஐந்தாவது ஒரு சம்பவ அறிக்கை. வெளிவேலை ஊழியர் ஒருவர் குடிபோதையில் சைக்கிள் ஓட்டி வந்து முற்றத்துத் தூணில் மோதி விழுந்து காயமடைந்தார், நிறுவனத்துக்கு இதில் பொறுப்பில்லை, சாட்சி வாசல் காவலாளி. 'குடிபோதையில்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்த எழுத்தைச் சேர்த்தேன். ஒரு வாக்கியத்தின் முடிவில் புள்ளி இல்லை. புள்ளி வைத்தேன். 'படித்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஆறாவது தாளையும் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போனேன்.

இதை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி இந்த இடத்தில் நிறுத்தி, தெரிந்தே போட்டீர்களா என்று கேட்டார். தெரிந்து போடவில்லை. தூக்கமில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை. பிழை பார்க்கிறவர்களின் கண் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும், என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்காது. பார்த்தால் கதையில் இழுபட்டுப் பிழையை விட்டுவிடுவோம் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். அப்படிப் பழக்கிய கண்ணால் என் கூடப் பிறந்தவனைக் குடிகாரன் என்று சொன்ன தாளைப் பிழையில்லாமல் செய்து அனுப்பினேன். அது என் வேலைதான், நன்றாகவே செய்தேன்.

ஐந்தாம் நாள் அறிக்கையின் நகல் வீட்டுக்குத் தபாலில் வந்தது. தம்பியின் மனைவி பிரித்துப் படித்தாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. தாளை என்னிடம் நீட்டி, "உங்க கையெழுத்துதானேக்கா இது?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எப்படி விழுந்தது என்று விளக்கப் போனேன். "நீங்க படிக்காம கையெழுத்துப் போடுவீங்களா?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, அக்கா எதையும் இரண்டு தடவை படிக்காமல் கீழே வைக்க மாட்டாள் என்று அவளிடம் பெருமையடித்தவன் என் தம்பிதான்.

அதன் பிறகு நான் இதே காவல் நிலையத்துக்கு வந்தேன். அப்போது இந்த மேசையில் வேறொருவர் இருந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்ததைச் சொன்னேன். அவர் அறிக்கையின் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீயே சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க, இப்ப வந்து சரியில்லைங்கிற. இதுல நான் எதை எழுதுறது?" என்று கேட்டார். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினேன். "சீட்டுல இல்லைன்னா குடிக்கலைன்னு ஆயிடுமா?" என்றார். மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் ஒரு வரிகூட எழுதவில்லை. காவலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா" என்றார். தலைமைப் பதிப்பாசிரியரிடம் கேட்டேன். "எழுத்துல இருக்கிறதை நாம மதிக்கலைன்னா வேற யாரு மதிப்பாங்க?" என்று என்னையே கேட்டார். வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மூன்று பேர் சாப்பிட என் ஒருத்தியின் வேலைதான் இருந்தது, போகவில்லை.

தம்பிக்கு வலது கால் குட்டையாகிவிட்டது. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஊன்றுகோலில் வருவான். அவனுடைய மனைவி அவனை விட்டுப் போகவில்லை, வேளைக்குச் சோறு போடுகிறாள், மருந்து கொடுக்கிறாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறாள். அவன் தண்ணீர் குடித்து வைத்த டம்ளரை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கழுவப் போடுகிறாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்கிறாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான். மாலையில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், "எழுதிட்டாங்களாக்கா?" என்பான். காலுக்கு ஈடாக எதையும் அவன் கேட்டதில்லை. குடிக்கவில்லை என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும், அதை அவளிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. முதல் வருடம் தினமும் கேட்டான். இரண்டாம் வருடம் செவ்வாய்க்கிழமைகளில் கேட்டான். அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

விடுப்பு முடிந்து மேசைக்குத் திரும்பியபோது இருபதாம் பொருள் காத்திருந்தது. சாயம் இறங்குவது. எடுத்துக்காட்டாகச் சேலை, வேட்டி என்று ஏதாவது எழுதியிருக்கலாம். என் கை, 'மழையில் அவருடைய நீலச் சட்டையின் சாயம் இறங்கித் தாள்களில் பரவியது' என்று எழுதியது. படித்துப் பார்த்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, இரண்டு வரிக்குள் இருந்தது, பொருள் விளங்கியது. எல்லா விதிக்கும் உட்பட்ட வாக்கியம். நீக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. திட்டமிட்டுச் செய்தேன் என்று புகாரில் இருக்கிறது. இருபதாம் பொருளில் திட்டம் இல்லை. இருபத்தேழிலிருந்து இருந்தது.

எழுதியவை எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன, முக்கியமானவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். இருபத்தேழு, வெளிவேலைக்குப் போய்வருவது: 'பதினேழு ஆண்டு அவர் அலுவலகத்துக்காகப் போய்வந்தார், ஒரு தாள் தொலைத்ததில்லை.' முப்பத்துநான்கு, இயந்திரம் இயங்குவது: 'அவர் இறங்கி நனைந்த தாள்களைப் பார்த்தபோதும் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.' முப்பத்தொன்பது, எழுத்தில் இன்னபடி அமைவது: '"குடிபோதையில் தூணில் மோதினார்" என்று செல்கிறது அந்த அறிக்கை.' நாற்பத்துநான்கு: 'பதினொரு நாள் அவருக்குக் காய்ச்சல் அடித்தது.' நாற்பத்தேழு, எழுத்தின்மேல் கண்ணை ஓட்டுவது: 'அவருடைய அக்கா அறிக்கையின்மேல் கண்ணை ஓட்டிவிட்டுச் சரியென்று கையெழுத்திட்டாள்.' ஐம்பத்தொன்று, வண்டியை ஒருவர்மேல் ஏற்றுவது: 'அவர் தன் வெள்ளைக் காரைப் பின்னால் எடுத்து, சைக்கிளில் வந்த ஊழியர்மேல் ஏற்றினார்.' அறுபத்தொன்று, கையிருப்பு தீர்ந்துபோவது: 'மனைவிக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை தீர்ந்துபோயிற்று.'

வன்மத்தைப் புகுத்தினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. என்மேல் இருந்த வன்மமும் அதில் உண்டு. ஆனால் யாராவது படிப்பார்கள் என்று நினைத்து நான் எழுதவில்லை. அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தை எழுதினவரும் பிழை பார்க்கிறவரும் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. மூன்று தடவை வந்து சொல்லியும் இங்கே எழுதாததை எழுத எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. அச்சுக்குப் போகிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பத்து மாதத்துக்கு முன் 'ரன்' பக்கங்கள் புரூஃப் ஆகி வந்தன. மொத்தம் நான்கு பக்கம். கையெழுத்துக்கு அனுப்பினேன். எப்போதும் ஒரு மணி நேரத்தில் திரும்பி வருவது அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் மாலை அவருடைய அறை உதவியாளர் கொண்டுவந்து வைத்தார். நான்கு பக்கத்தின் அடியிலும் 'படித்தேன், சரி' இருந்தது, கையெழுத்து இருந்தது. சட்டை அப்படியே இருந்தது. எஞ்சின் அப்படியே இருந்தது. அறிக்கை, காய்ச்சல், கையெழுத்துப் போட்ட அக்கா, எதிலும் அவர் கை வைக்கவில்லை. ஐம்பத்தொன்றில் மட்டும் 'தன் வெள்ளைக் காரை' என்ற மூன்று சொல்லைப் பச்சைக் கோட்டால் அடித்து, மேலே 'லாரியை' என்று எழுதியிருந்தார்.

தாளை வைத்துக்கொண்டு அலுவலகம் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தேன். அதுவரை, இந்த மனிதர் எதையும் படிக்கிற வழக்கம் இல்லாதவர், அறிக்கையைக்கூட வேறு யாரோ எழுத இவர் வழக்கம்போலச் சரி போட்டிருப்பார் என்று என் மனதின் ஒரு மூலையில் அவருக்கு ஒரு சலுகை வைத்திருந்தேன். எனக்கும் அதே கதி நேர்ந்ததால் வைத்த சலுகை. இவர் நான்கு நாள் படித்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, எதை விட்டால் ஆபத்தில்லை, எதை விட்டால் ஆபத்து என்று எடைபோட்டிருக்கிறார். வாக்கியத்தை நீக்கினால் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவார்? சொல்லை மாற்ற விதியில் காரணம் கேட்பதில்லை. என் தம்பியின்மேல் லாரியை ஏற்றிவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் வாழ்நாளில் வந்ததில்லை. சிவப்பு மையில், அடித்த மூன்று சொல்லின் கீழேயும் புள்ளி வைத்தேன். அந்த உரிமை எனக்கு இல்லை. தெரிந்தே வைத்தேன். இந்தக் குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு அகராதி அச்சாகி ஆறு மாதம் ஆகிறது. மூவாயிரம் பிரதி, பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து நிறுவனத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பாராட்டுக் கடிதம் வந்தால் தேநீர் இடைவேளையில் எல்லோரையும் கூட்டி வைத்து உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். தலைமைப் பதிப்பாசிரியர் நாற்காலியில் சாய்ந்து, "படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். தட்டச்சர் படித்தார்.

ஆசிரியை தன் வகுப்பில் 'ரன்' பாடம் எடுத்தபோது, பொருள் இருபதிலிருந்து வரும் வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேருவதை ஒரு மாணவி கண்டுபிடித்தாளாம். அகராதி வரிசை நடந்த வரிசையாக இல்லாததால், எல்லாவற்றையும் தனித்தனித் துண்டில் எழுதி, வகுப்பே தரையில் உட்கார்ந்து வரிசையாக அடுக்கிப் பார்த்ததாம். இத்தனை அழகாக ஒரு கதையை ஒளித்து வைத்த ஆசிரியர் குழுவுக்கு நன்றி என்றும், பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள், தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார். தட்டச்சருக்கு அதற்குள் விளங்கிவிட்டது. குரல் தாழ்ந்தது. தலைமைப் பதிப்பாசிரியர், "போதும், போதும்" என்றார். தட்டச்சர் நிறுத்தவில்லை. அந்த ஊழியர் இப்போது நடக்கிறாரா என்பது முதல் கேள்வி. அந்த அக்கா ஏன் கையெழுத்துப் போட்டாள் என்பது இரண்டாவது கேள்வி.

ஒருவரும் தேநீரைத் தொடவில்லை. வாசல் காவலாளியும் கதவோரமாக நின்றிருந்தார், அவர் வெளியே போய்விட்டார். எல்லோருடைய கண்ணும் முதலில் சென்றது தலைமைப் பதிப்பாசிரியர்மேல் அல்ல, என்மேல். அடுத்த நாள் எனக்கு இடைநீக்க ஆணை வந்தது. அதில் இரண்டு பிழை இருந்தது. யாரும் படித்துப் பார்த்து அனுப்பவில்லை.

நிறுவனத்து அலமாரியில் இருக்க வேண்டிய அந்தப் புரூஃப் பிரதி இப்போது அங்கே இல்லை என்று புகாரிலேயே இருக்கிறது. காணாமல் போனதற்கு நான் காரணம் இல்லை. ஆனால் கையெழுத்தான தாளை அச்சகம் ஒரு வருடத்துக்கு மூலத் தாளாகவே பத்திரப்படுத்தி வைக்கும், பிழை வந்தால் பழி தங்கள்மேல் விழாமல் இருக்க. அலுவலகத்துக்குத் திரும்பிப் போவது அதன் நகல்தான். நேற்றுக் காலை அச்சகத்து ஃபோர்மேன் ஒரு பழுப்பு உறையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து, "உன் சைக்கிள் இன்னும் நம்ம ஷெட்லதான்டா நிக்குது, காத்து மட்டும் அப்பப்போ அடிச்சு வைக்கிறேன்" என்றார். உறையை என்னிடம் கொடுத்தார். பச்சைக் கோடும், 'லாரியை'யும், என் சிவப்புப் புள்ளிகளும், அடியில் 'படித்தேன், சரி'யும் உள்ள மூலத் தாள் இது. இதோடு ஒப்படைக்கிறேன். படிக்கவில்லை என்று புகாரில் சொல்லியிருப்பவர் எதைப் படித்து எதை மாற்றினார் என்பது இதில் இருக்கிறது.

இதற்குக் கீழே உள்ளதை அதிகாரியின் அனுமதியோடு நானே என் கையால் எழுதுகிறேன். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவதாக அவர் சொன்னார். நானே படித்துக்கொள்கிறேன் என்றேன். முதல் தடவை எழுத்துக்காகப் படித்தேன். நான்கு பிழை, திருத்தியிருக்கிறேன். இரண்டாம் தடவை என்ன சொல்லியிருக்கிறது என்பதற்காகப் படித்தேன். நான்காம் தாளில் 'என் தம்பி அன்று குடித்திருக்கவில்லை' என்று நான் சொன்ன வரி குறுக்குக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "இந்தப் புகாருக்கு அது சம்பந்தம் இல்லைம்மா, அதான் எடுத்துட்டேன்" என்றார். எங்கள் இடத்தில் ஒரு வாக்கியத்தை நீக்கினால் ஓரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் இடத்தில் எப்படி என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மேசையில் கிடந்த புரூஃப் தாளைப் பார்த்தார். அதன் பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். அடித்த வரியின் கீழே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை புள்ளி வைத்தேன். அதன் ஓரத்தில் அவர் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார்.

நகல் ஒன்று கேட்டிருக்கிறேன். நான்காம் தாள் மட்டும் கிடைத்தாலும் போதும். தம்பியின் மனைவியிடம் கொடுக்க வேண்டும்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் நான் செய்ததும்தான், யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

இரண்டு தடவை படித்தேன். சரி.

(ஒப்பம்)
உதவிப் பதிப்பாசிரியர், இடைநீக்கத்தில்